மே இருபத்தாறு, கூட்டினால் எட்டு

சேகரின் அம்மா இடது கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டு ஹாலில் மின்விசிறி எங்கேயோ ஒரு இடத்தில் தட்டித் தட்டிச் சுற்றியது. எதிரே நானும் என் நைனாவும் காபி டம்ளரைப் பிடித்தபடி, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கூட்டிக்கொண்டிருந்தது என் பிறந்த தேதியை. கூட்டி முடித்ததும் எனக்கும் சேகருக்கும் கல்யாணம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கோபத்தைவிட சேகர் மேல் ஆசை அதிகமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் ரயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "தினமும் ரயிலில் இடிபட்டு வந்த நீங்கள் எப்போது ஸ்கூட்டருக்கு மாறினீர்கள்?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா தாயே, ஒரு வரியில் பதில் சொல்கிற கேள்வியா அது? இந்த விரல் கணுக்களிலிருந்துதான் அதை ஆரம்பிக்க வேண்டும்.

ஷோரூம் கணக்கு

அது தொண்ணூறுகளின் பின்பாதி. கோலார் தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலில் வந்து போவதை விட்டுவிட்டு, மர்பி டவுனில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன். அல்சூர் பக்கம் ஒரு டூ வீலர் ஷோரூமில் வேலை. வண்டி வாங்குகிறவர்களின் பதிவு பாரங்களை நிரப்புவது என் பொறுப்பு. நம்பர் கொடுக்கிற மேஜையும் என்னுடையதுதான்.

வாரத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் பாஷா பாய் வருவார். எங்கள் ஷோரூமுக்கு அந்த வாரம் கிடைக்கக்கூடிய நம்பர்கள் ஒரு காகிதத்தில் இருக்கும். அதில் கஸ்டமர் எதைக் கேட்கிறாரோ அதைக் குறித்துக் கொடுப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. வண்டியின் கலரைப் பார்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள், நம்பரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். தமிழர், கன்னடக்காரர், சேட்டு, யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நாலு இலக்கத்தையும் கூட்டு. இரண்டு இலக்கம் வந்தால் அதையும் கூட்டு. ஒற்றை எண் வருகிறவரை கூட்டிக்கொண்டே இரு.

கடைசியில் எட்டு வந்தால் தொடமாட்டார்கள். "எட்டு பேடாம்மா, பேட" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையை உதறுவார்கள். எட்டு சனியாம். வண்டி மோதுமாம், கோர்ட் வாசல் மிதிக்க வைக்குமாம்.

பாஷா பாய் தலையில் அடித்துக்கொள்வார். "தேகோ மேடம், மறுபடியும் எட்டு மட்டும் மிச்சம்! என் தலைல கட்டறதுக்குன்னே வர்றாங்க" என்பார்.

ஆறே மாதத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் என் மண்டைக்குள் கூட்டல் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. பஸ் நம்பர், போன் நம்பர், கேஸ் சிலிண்டர் ரசீது, எதுவும் தப்பாது. கூட்டக்கூட சில வேடிக்கைகளும் தெரிந்தன. எந்த எண்ணோடும் ஒன்பதைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பழைய எண்ணே திரும்பி வந்து நிற்கும். எட்டோடு ஒன்பது பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. ஒன்பது வந்த சுவடே இருக்காது.

அதேபோல், வரிசையாக ஒன்பது நம்பரை எடுத்தால் அதில் ஒன்று கட்டாயம் எட்டு. தப்பிக்கவே முடியாது. அப்படியென்றால் இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் ஒன்பதுக்கு ஒன்று எட்டாக இருக்க வேண்டும். மனிதர்களிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அத்தனை பேரையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சேகரும் அவர் அம்மாவும் கஸ்டமர்களாகத்தான் வந்தார்கள். சேகர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். கம்பெனி பஸ்ஸை விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் சொந்த வண்டி. அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பையன் பதினஞ்சாம் தேதி பொறந்தவன்மா. ஆறு. ஆறு வர்ற மாதிரி ஒண்ணு குடு" என்று சொல்லி, கட்டைவிரலைக் கணுவில் வைத்தார்.

அவர் முதல் நம்பரைக் கூட்டி முடிப்பதற்குள், "நாற்பத்தேழு முப்பத்தொண்ணு எடுத்துக்கங்கம்மா" என்றேன். அவர் விரல் விட்டுச் சரிபார்த்தார். நாலும் ஏழும் மூன்றும் ஒன்றும் பதினைந்து. ஒன்றும் ஐந்தும் ஆறு.

"அடேங்கப்பா! கெட்டிக்காரப் பொண்ணுடா சேகர்!" என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். சேகர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் பார்த்ததுதான். அதற்குப் பிறகு அந்தப் புது வண்டிக்கு வாராவாரம் ஏதாவது ஒரு கோளாறு வந்தது, அல்லது வந்ததாகச் சொல்லிக்கொண்டு அவர் வந்தார்.

பதினோரு பேரின் பிறந்தநாள்

ஒரு வருஷம் பழகினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினார். அம்மா நன்றாகத்தான் பேசினார். நம்பர் எடுத்துக்கொடுத்த பெண் என்பதை மறக்கவில்லை. முறுக்கு வைத்தார். பிறகு கேட்டார்:

"கே.ஜி.எஃப்-ல எந்த லைன்மா?"

எங்கள் கோலார் தங்கவயலைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். லைன் என்போம். எந்த லைன் என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு லைனைப் பற்றி அக்கறையில்லை. லைனைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பதால் கேட்கிறார்கள்.

நான் லைனின் பெயரைச் சொன்னேன். நைனா சுரங்கத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரைக்குப் போவோம் என்றும் சொன்னேன். எதற்கு மறைக்க வேண்டும்? அவர் முகம் மாறவில்லை. முறுக்குத் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பொறந்த தேதி என்னம்மா?"

"மே இருபத்தாறு."

கட்டைவிரல் கணுவுக்குப் போகவேயில்லை. இந்தக் கூட்டல் அவருக்கு மனப்பாடம். "ஐயையோ, எட்டாச்சே! சேகருக்கு ஆகாதேம்மா. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். குரலில் நிஜமான வருத்தம்போல ஏதோ இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று வயது இரண்டு மாதம் குறைந்தது. ஹெட்மாஸ்டர் யோசிக்கவில்லை. எதிரே தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைக்குத் தேதி இருபத்தாறு. "மே இருபத்தாறுன்னு போட்டுக்கறேன், போ" என்று எழுதிவிட்டார். அன்றைக்கு வயது குறைந்து வந்த குழந்தைகள் எல்லோருக்கும் அதே தேதிதான். எங்கள் வகுப்பில் பதினோரு பேருக்கு மே இருபத்தாறு பிறந்தநாள். கோடை விடுமுறையில் வருவதால் ஒருத்தருக்கும் சாக்லேட் கொடுக்கும் செலவில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி நர்ஸ், ஒருவன் ரயில்வேயில், ஒருத்தி துபாயில் வீடு வாங்கிவிட்டாள், ஒருவன் உருப்படாமல் திரிகிறான். எங்கேயும் பார்க்கிற கலவைதான். சனி பதினோரு பேரையும் ஒரே காலண்டர் தாளில் பிடித்ததாகத் தெரியவில்லை.

மடித்த சீட்டு

ஊருக்குப் போனபோது நைனாவிடம் சொன்னேன். நைனா யார் தெரியுமா? லைனில் யாராவது ராகுகாலம் என்று வாயெடுத்தால், நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பேசுகிற ஆள். எங்கள் வீட்டு வாசலில் பூசணிக்காய் தொங்கியதில்லை. எனக்கு ஜாதகம் என்று ஒரு காகிதம் எழுதியதில்லை. அவர் சிரிப்பார், திட்டுவார், "போடி, அந்தச் சம்பந்தமே வேணாம்" என்பார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். நான் பிறந்தபோது மைன்ஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மடித்த இடமெல்லாம் பழுத்துப் போயிருந்தது.

"ஜூலை இருபத்தேழு. ஒம்போது வருது பாரு. நான் வந்து காட்டறேன்."

நான் அவரையே பார்த்தேன். கூட்டிவிட்டுத்தான் பேசுகிறார்!

"நைனா, அதக் காட்டாத."

"ஏன்? பொய்யா சொல்றோம்? உண்மையத்தானே சொல்றோம்."

"எட்டு ஆகாதுன்றாங்க. நான் எட்டு இல்லன்னு நீ சீட்டு காட்டுனா, எட்டு ஆகாதுன்னு நாமளும் ஒத்துக்கிட்டதா ஆகாதா? என்கூடப் படிச்ச பத்து பேரு என்ன ஆவாங்க?"

"பத்து பேரு கல்யாணமா இப்ப நடக்குது? உன் கல்யாணம்டி!"

அவர் குரல் உடைந்தது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் சீட்டை எடுத்தபோது என் மனசு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. சேகர் கிடைத்துவிடுவார் என்று தோன்றியது. அதனால்தான் சும்மா இருந்தேன். இன்று வரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் கணு

அப்படித்தான் அந்த ஹாலில், தட்டிச் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்தோம். நைனா லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் கதையை அவரே சொன்னார். சீட்டை டீப்பாய் மேல் விரித்து, ஓரத்தை விரலால் நீவிவிட்டார். சேகர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"இருபத்தேழா? ஒம்பது. செவ்வாய். நல்ல நம்பர்தான்" என்றார் சேகரின் அம்மா. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் கட்டைவிரல் நிற்கவில்லை. மாதத்துக்குப் போனது. வருஷத்துக்குப் போனது. உதடு அசைய அசைய, எனக்குள்ளும் அந்தப் பாழாய்ப்போன கூட்டல் தானாக ஓடியது. அவருக்கு முன்னால் நான் முடித்துவிட்டேன். முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு.

"இதுவும் எட்டுதான் வருது! மொத்தத்தையும் கூட்டுனா எட்டு. விதி எண்ணுன்னு அதத்தானே சொல்றாங்க" என்றார் அவர். இந்த முறை வருத்தம் தெரியவில்லை. அப்பாடா என்று உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்தார்.

அந்தச் சாய்வில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாள் ஒத்துவந்தால் மாதத்தைக் கூட்டுவார். மாதம் ஒத்துவந்தால் பெயரைக் கூட்டுவார், எங்கள் லைனின் வீட்டு நம்பரைக் கூட்டுவார். எட்டு கிடைக்கிறவரை கூட்டுவார். கையில் காபியைக் கொடுத்துவிட்டு, உங்கள் சாதி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு மாதிரியாக இருக்கும். எட்டு என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை!

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மா, உங்க வீட்டு நம்பர் என்ன?"

"எதுக்குமா?"

"கேட்ல எழுதியிருக்கு. நாலு, மூணு, ஒண்ணு. கூட்டிப் பாருங்க."

கட்டைவிரல் பழக்கத்தில் கணுவுக்குப் போய், நடுவில் நின்றது. அவர் முகம் சிவந்தது. "அது கார்ப்பரேஷன்காரன் போட்டது. நாங்களா வச்சோம்?"

"எனக்கும் ஹெட்மாஸ்டர் போட்டதுதான்மா. நீங்க எட்டுல இருபது வருஷமா குடியிருக்கீங்க, நல்லாத்தானே இருக்கீங்க? நானும் நல்லாத்தான் இருக்கேன்."

"கௌதமி" என்று நைனா என் கையைப் பிடித்தார்.

"இரு நைனா. அம்மா, எந்த லைன்னு கேட்டீங்களே, அன்னிக்கே உங்களுக்குக் கணக்கு முடிஞ்சிடுச்சு. அப்புறம் எதுக்கு விரலுக்கு இவ்ளோ வேலை குடுக்கறீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். எனக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருந்தது.

"சேகர், நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அம்மா மனசு கஷ்டப்படுதுல்ல... கொஞ்சம் டைம் குடு, கௌதமி."

நான் டீப்பாயிலிருந்த சீட்டை மடித்தேன். பழுத்த இடத்தில் லேசாகக் கிழிந்தது. நைனாவின் சட்டைப் பையில் வைத்து, "வா, போலாம்" என்றேன்.

டோக்கன்

பஸ் ஸ்டாப் வரை நன்றாக வீராப்பாகத்தான் நடந்தேன். அங்கே போனதும் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பூக்காரம்மா பார்த்தார், ஸ்கூல் பிள்ளைகள் பார்த்தார்கள், எனக்குக் கவலையில்லை. நைனா என் பக்கத்தில் நின்று, என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு பஸ் போன பிறகு பேசினார்.

"என் டோக்கன் நம்பர் தெரியுமா உனக்கு?"

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் வைத்திருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் ஒப்படைக்க வேண்டும். டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அவர் நம்பர் தெரியும். சின்ன வயதில் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறேன். ஆயிரத்து எழுநூற்று ஒன்பது. ஆனால் அன்றுவரை அதைக் கூட்டியதில்லை. இப்போது கூட்டினேன். பதினேழு. எட்டு.

"ஷிஃப்ட்ல எல்லாரும் சொன்னானுங்க. மாத்திக்கோடா, எட்டோட எறங்காதடான்னு. போங்கடான்னேன். எட்டோட எறங்கி எட்டோடயே இத்தினி வருஷம் ஏறி வந்துட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு நைனா அந்தச் சீட்ட எடுத்துனு வந்த?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குன்னா துணிச்சல் வந்துச்சு. உனக்குன்னா பயந்துட்டேன்."

அதற்கு மேல் அவர் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. இரண்டு பேரும் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றோம். உறைப்பில் அழுகை எது மிளகாய் எது என்று தெரியாமல் போனது.

ஐம்பது முப்பத்தொன்பது

மறுநாள் காலை பாஷா பாய் பட்டியலோடு வந்தார். போன வாரத்து மிச்சம் வழக்கம்போல அடியில் இருந்தது. அதில் ஒன்று 5039.

"பாய், இத எனக்கு எழுதுங்க."

"உங்களுக்கா? வண்டி எடுக்கறீங்களா?" காகிதத்தைப் பார்த்தவர் பதறிவிட்டார். "ஐயோ, இது பேடாம்மா! புது வண்டி, லேடீஸ் வேற. நான் ஆறு குடுக்கறேன், ஒண்ணு குடுக்கறேன்."

"எனக்கு இதுதான் வேணும் பாய்."

"வீட்ல கேட்டீங்களா?"

"வீட்லயும் இதே நம்பர்தான்."

அவருக்குப் புரியவில்லை. எழுதிக்கொடுத்தார். சேலத்து வாசகியே, அப்படித்தான் நான் ஸ்கூட்டருக்கு மாறினேன். ஓட்டக் கற்றுக்கொண்டபோது அல்சூர் மார்க்கெட்டில் ஒரு கூடைத் தக்காளி மேல் ஏற்றினேன். சின்னம்மா, "எட்டு வேலையக் காட்டுது" என்றார். தக்காளிக்காரி திட்டியதைப் பார்த்தால் தப்பு என் பிரேக்கில்தான்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு மதியம், சேகர் ஷோரூமுக்கு வந்தார். இளைத்திருந்தார். பார்த்ததும் பழைய ஆசை தலைதூக்கியது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்க கௌதமி" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த மேஜை, அந்த மதிய வெயில் எல்லாம் அழகாக இருந்தன.

"ஒரு ஜோசியரைப் பாத்தோம். பரிகாரம் இருக்காம். கல்யாணத் தேதி ஆறு வர்ற மாதிரி வச்சிக்கணும். அப்புறம் சொந்தக்காரங்க யாராச்சும் கேட்டா, நீ இருபத்து நாலாம் தேதி பொறந்தேன்னு சொல்லிடு. ஊரு கே.ஜி.எஃப்-னு சொல்ல வேணாம், கோலார்னு சொன்னாப் போதும். அவ்ளோதான். சின்ன விஷயம்."

இருபத்து நாலு. ஆறு. மண்டைக்குள் அது தானாக ஓடி முடிந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு தேதி போட்டார், ஆஸ்பத்திரி ஒரு தேதி போட்டது, இப்போது ஜோசியர் மூன்றாவதாக ஒன்று போடுகிறார். அதோடு ஊரையும் கழித்துவிடுகிறார்.

"சேகர், வெளிய நிக்குதே நீலக் கலர் வண்டி, அது என்னுது" என்றேன்.

அவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். "வண்டி வாங்கிட்டியா? சொல்லவேயில்ல" என்று சிரித்தார். பிறகு நம்பர் பலகை கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. அவருடைய இடது கை மெல்ல மலர்ந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் போய் உட்கார்ந்தது. உதடு அசைந்தது.

அவர் அம்மாவின் கை அப்படியே.

அவர் கூட்டி முடிக்கிறவரை நான் காத்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றிருந்தவரைப் பார்த்து, "அடுத்து யாருங்க, வாங்க" என்றேன்.